புயல் வருமுன் சோதித்துப் பாருங்கள்

(லாஸ்பேட்டையில் கூடிய கிராமத் தொண்டர்களிடையே நிகழ்த்திய பேச்சு)



2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி வீசிய தானே புயலையும், 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு கரை கடந்த ஃபெஞ்சல் புயலையும் இவ்வட்டாரத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. இத்தகைய வேளைகளில் முதலில் மறைவது மின்சாரம். கைப்பேசிக் கோபுரமும் மின்சாரத்தால் உயிர் வாழ்வதே. அதன் பாட்டரி தீர்ந்துவிட்டால் நம் கையிலுள்ள பேசியும் ஊமையாகிவிடுகிறது. ஏரிக்கரை உடையும் தறுவாயில் இருக்கிறதென்று கீழ்மடை ஊருக்குச் சொல்ல வழி வேண்டாமா? அவ்வழிகளுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச வந்தேன்.

இது நமக்குப் புதிய விஷயமன்று. 1998-ஆம் ஆண்டில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், கனடா நாட்டு உதவியுடன், வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராம அறிவு நிலையங்களை நிறுவினார்கள். தொலைபேசிக் கம்பிகளை நம்ப இயலாத ஊர்களை இருவழி வானொலிச் சாதனங்களால் இணைத்தார்கள். விளைபொருள் விலையும் அரசாங்கத் திட்டங்களின் விவரமும் அவ்வழியே ஊர்களுக்குச் சென்றன. வீராம்பட்டினத்து மீனவர்கள் அன்றன்று கடலலை எவ்வளவு உயரம் எழும் என்பதை ஒலிபெருக்கி வாயிலாகக் கேட்டறிந்தார்கள். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபோது, சிங்கப்பூரிலிருந்த நல்லவாடு இளைஞர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். அச்செய்தியை அவ்வூர் நிலையத்தின் ஒலிபெருக்கி எல்லோருக்கும் அறிவித்தது. மக்கள் உயிர் தப்பினார்கள். தக்க சமயத்தில் காதில் விழுந்த ஒரு சொல் ஓர் ஊரையே காத்தது.

இப்பொழுது டிஜிட்டல் முறையில் இயங்கும் வாக்கி-டாக்கிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றுக்குத் துணையான ரிப்பீட்டர் என்னும் சாதனமும் குறைந்த விலைக்கு வந்திருக்கிறது. ரிப்பீட்டர் என்பது என்ன? பரண்மீது காவலிருப்பவன் வயலின் ஒரு கோடியில் எழும் குரலைக் கேட்டு, மறு கோடிக்கு உரக்கச் சொல்கிறான் அல்லவா? அதைப்போலவே, உயரத்தில் வைத்த இச்சாதனம் ஓர் அலைவரிசையில் கேட்டதை மற்றோர் அலைவரிசையில் அதே கணத்தில் திருப்பிச் சொல்கிறது. ஏரியல் 25 மீட்டர் உயரத்தில் இருந்தால் வெட்டவெளியில் சுமார் 20 கிலோமீட்டர் வரை அதன் அலைக்குத் தடையில்லை. தென்னந்தோப்பும் கான்கிரீட் சுவரும் அதைக் குறைத்துவிடும்.

டி.எம்.ஆர். என்னும் டிஜிட்டல் முறையை ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிர்ணய நிலையம் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதில் ஒரே அலைவரிசையில் இரண்டு உரையாடல்கள் நடைபெறலாம். ஒரே வாய்க்காலில் இரண்டு பண்ணையாளர்கள் முறை வைத்து நீர் பாய்ச்சுவது போல, நொடியில் ஆயிரத்தில் 30 பங்கு நேரம் ஒருவருக்கும், அடுத்த 30 பங்கு மற்றவருக்குமாக அலை மாறி மாறிப் பாய்கிறது. கேட்பவர் காதுக்கு இடைவெளி தெரிவதில்லை. ஒரு முறையைப் பஞ்சாயத்துக்கும் மற்றொன்றை மீனவர்களுக்கோ பாசனக் காவலருக்கோ ஒதுக்கலாம்.

இந்த முறை பொதுவானது. ஆதலால் வெவ்வேறு கம்பெனிக் கருவிகளும் ஒன்றோடொன்று பேசும் என்கிறார்கள். ஒரே கம்பெனிக் கருவிகளை ஒருசேர வாங்கப் பல பஞ்சாயத்துகளுக்குச் சக்தியில்லை. ஒருவரிடம் பழையது இருக்கும். மற்றொருவர் புதியது வாங்குவார். கலப்புக் கருவிகள் உண்மையிலேயே ஒத்துழைக்குமா என்பதை நானும் சில நண்பர்களும் சோதித்துப் பார்த்தோம். மேட்டுப்பாங்கான இந்த லாஸ்பேட்டையில், உரிமம் பெற்றிருந்த ஒருவரின் இடத்தில், மலிவு ரிப்பீட்டர் ஒன்றை வைத்தோம். மூன்று கம்பெனிகளின் கருவிகளை எடுத்துக்கொண்டு கருவடிக்குப்பம், ஊசுட்டேரி, வில்லியனூர்ப் பக்கங்களுக்குச் சென்றோம்.

முதல் நாள் ஒரு கம்பெனிக் கருவிகள் வாய் திறக்கவேயில்லை. கருவியில் பழுது என்றே எண்ணினோம். உண்மை வேறு. இம்முறையில் நான்கு விஷயங்கள் எல்லாக் கருவிகளிலும் ஒத்திருக்கவேண்டும். அனுப்பும், பெறும் அலைவரிசைகள். 0 முதல் 15 வரையுள்ள வண்ணக் குறி எண். முதல் முறையா இரண்டாம் முறையா என்பது. பேசும் குழுவின் எண் ஆகியவை அவை. வண்ணக் குறி எண்ணைத் திருத்தியதும் குரல் வந்தது. மற்றொரு கருவி கடைசிவரை ரிப்பீட்டரை எட்டவில்லை. அது முதல் வகுப்பைச் சேர்ந்தது. நேருக்கு நேர் பேச மட்டுமே ஏற்றது. ரிப்பீட்டர் வழியே பேச இரண்டாம் வகுப்புக் கருவி வேண்டும். பெட்டியின் மேல் 'டிஜிட்டல்' என்று எழுதியிருந்தால் போதாது என்பதை அன்று கற்றுக்கொண்டோம்.

சாதாரணக் குரல் மூன்று கம்பெனிக் கருவிகளுக்கிடையே தெளிவாகச் சென்றது. இது மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் எழுத்துச் செய்தி ஒரு கம்பெனிக் கருவியிலிருந்து மற்றதற்குப் போய்ச் சேரவில்லை. பிறர் கேளாதபடி பேச்சை மறைக்கும் வசதியும் அவ்வாறே. இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கருவியின் தலையிலுள்ள அபாயப் பொத்தானை அழுத்தினோம். அதே கம்பெனிக் கருவிகள் அலறின. மற்றவை மௌனமாக இருந்தன. வெள்ளத்தில் சிக்கிய ஒருவர் அப்பொத்தானை நம்பி அழுத்திக் காத்திருந்தால் அவர் கதி என்ன? ஆகவே கலப்புக் கருவிகள் உள்ள ஊரில் அபாயத்தை வாயால் சொல்லும் பழக்கமே வேண்டும்; பொத்தானை நம்பலாகாது.

அடுத்தது தூரம். பழைய வானொலியில் தொலைவு கூடக்கூட இரைச்சல் கூடும். எல்லை நெருங்குவதைக் காதே அறியும். டிஜிட்டல் கருவியிலோ கடைசிவரை குரல் தெளிவாக இருந்து, திடீரென நூலறுந்த காற்றாடி போல் போய்விடுகிறது. எனவே ஓரிடத்தில் ஒருமுறை கேட்டுவிட்டது என்று திருப்தியடையக் கூடாது. அவ்விடத்தைச் சுற்றி நூறடி நடந்து, வீட்டுக்குள்ளும் மரத்தடியிலும் நின்று பேசிப் பார்க்கவேண்டும். சில இடங்களில் ரிப்பீட்டரின் குரல் நமக்குக் கேட்டது. நம் குரல் அதற்குக் கேட்கவில்லை. நம் கைக்கருவியின் சக்தி குறைவு என்பது ஒரு காரணம். ரிப்பீட்டர் தான் போடும் சத்தத்தாலேயே தன் காதை அடைத்துக்கொள்வது மற்றொன்று. அனுப்பும் அலையையும் பெறும் அலையையும் பிரித்து வைக்கும் டூப்ளெக்சர் என்னும் பாகம் சரியாக இல்லையானால் இக்குறை நேரும். மலிவுச் சாதனத்தில் முதலில் பார்க்கவேண்டியது இதுவே.

மூன்றாவது பளு. அரைமணி நேரம் இடைவிடாது பேசினோம். பெட்டி கை வைக்க இயலாதபடி சூடேறியது; வில்லியனூர்ப் பக்கத்து நண்பரின் காதில் குரல் அறுந்து அறுந்து விழுந்தது. சாதாரண நாளில் யாரும் அவ்வளவு நேரம் பேசுவதில்லை. ஆனால் புயலன்று எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள். சக்தியைக் குறைத்து வைத்து, சிறு விசிறியொன்று பொருத்திய பின் அது தாங்கியது.

பாட்டரிக் கணக்கையும் மறக்கலாகாது. ரிப்பீட்டர் சராசரியாக ஒன்றரை ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 100 ஆம்பியர்-மணி ஈய பாட்டரியில் பாதியளவே செலவிடுவது நல்லது. அவ்வாறாயின் 33 மணி நேரம் ஓடும். மின்சாரம் மூன்று நாள் வராவிட்டால்? மேகமூட்டத்தில் சூரிய மின்தகடும் குறைவாகவே தரும். இதை முன்கூட்டியே கணக்கிட்டு இரண்டாவது பாட்டரியை ஆயத்தமாக வைப்பதே விவேகம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்திக் கைக்கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை. அச்சலுகை ரிப்பீட்டருக்குக் கிடையாது. அதற்கு மத்திய அரசாங்கத்தின் தொலைத்தொடர்புத் துறையிடம் அலைவரிசையும் உரிமமும் பெறவேண்டும். கம்பம் நடவும் அனுமதி பெறவேண்டும். விமான நிலையம் அமைந்த லாஸ்பேட்டை போன்ற இடங்களில் கம்பத்தின் உயரத்தைப் பற்றி மிகவும் எச்சரிக்கை வேண்டும்.

ஆகவே, நண்பர்களே, பஞ்சாயத்துப் பணத்தைச் செலவிடுமுன் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: "எங்களிடம் உள்ள பழைய கருவிகளைக் கொண்டுவருகிறோம், எங்கள் ஊரில் வைத்துப் பேசிக் காட்டுவீர்களா?" அவர் இசைந்தால் ஏரிக்கரையிலும், பள்ளிக்கூடத்திலும், தாழ்வான தெருக்களிலும் நின்று சோதியுங்கள். கேட்ட இடம், கேளாத இடம் இரண்டையும் ஊர்ப்படத்தில் குறித்துப் பஞ்சாயத்துச் சுவரில் மாட்டுங்கள். நான்கு அமைப்பு எண்களையும் ஒரு நோட்டில் எழுதி இருவர் கையில் கொடுங்கள். மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பேசிப் பாருங்கள். பெண்களும் இளைஞர்களும் இதில் பழகட்டும்.

மலிவாக வாங்குவது குற்றமன்று. ஏழை ஊருக்கு அதுவே வழி. ஆனால் சோதித்துப் பாராமல் அதை நம்பி உறங்குவது பெருந்தவறு. விதையைக்கூட முளைப்பு பார்த்துத்தானே விதைக்கிறோம்? ஐப்பசி மழை தொடங்குமுன் உங்கள் ஊர்க் கருவிகளையும் அவ்வாறே பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடிக்கிறேன்.