கடற்பசுவும் காப்புத் திட்டமும்



35 ஆண்டுகள் பள்ளியில் பாடம் சொல்லி, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். மணி அடித்தவுடன் பாடத்தை முடித்துவிடும் பழக்கம் எனக்கு உண்டு. ஆதலால், வானொலி நிலையத்தார் கொடுத்திருக்கும் நேரத்துக்கு மேல் உங்களை உட்கார வைக்க மாட்டேன் என்று உறுதி கூறிவிட்டு என் பேச்சைத் தொடங்குகிறேன்.

நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் கடற்பசு. நம் கடற்கரை மீனவர் இதனை ஆவுளியா என்று அழைப்பர். அருகிப்போன இவ்வுயிரை மீண்டும் பெருகச் செய்ய ஓர் அரசு எவ்வாறு திட்டமிட வேண்டும், அத்திட்டத்தில் எதை மறந்தால் எல்லாம் வீணாகும் என்பதைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

ஆவுளியா மீன் அன்று. நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விட்டு, கன்று ஈன்று, பால் கொடுத்து வளர்க்கும் விலங்கு. உறவுமுறை பார்த்தால் திமிங்கிலத்தைவிட யானைக்கே நெருங்கியது. ஏறத்தாழ 3 மீட்டர் நீளமும், 300 முதல் 400 கிலோ எடையும் கொண்டது. கரையோரத்து ஆழமற்ற கடலின் அடியில் விளையும் கடற்புல்லே இதன் உணவு. பசு தரையில் மேய்வதுபோல இது கடலடியில் மேயும். புல்லை வேரோடு பறித்துத் தின்பதால், மேய்ந்த வழியெல்லாம் ஏர் உழுத சால்போல ஒரு தடம் கிடக்கும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். யாருக்கும் தீங்கு செய்யாத சாதுவான உயிர்.

இந்தியாவில் இவ்விலங்கு மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா, கட்ச் வளைகுடா, அந்தமான் நிகோபார் தீவுகள் ஆகிய இடங்களில் மட்டுமே எஞ்சியுள்ளது. எல்லா இடங்களையும் சேர்த்தாலும் 200 முதல் 250 வரையே இருக்கும் என்பது அறிஞர் மதிப்பீடு. ஒரு நடுத்தரப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைகூட இல்லை!

இனி, ஒரு சிறு கணக்குப் போடுவோம். கடற்பசு 70 ஆண்டு வரை வாழக்கூடியது. ஆயினும், அது கன்று ஈனும் பருவத்தை அடையவே பத்து ஆண்டுகள்போல் ஆகும். சிலவற்றுக்கு அதற்கும் மேலாகும். ஓராண்டுக்கு மேல் சூல் சுமந்து ஒரே ஒரு கன்றை ஈனும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் இடைவெளி விழும். எல்லாம் நன்றாக நடந்தாலும், ஒரு கூட்டம் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பெருகாது என்று இவ்விலங்கை நெடுநாள் ஆராய்ந்தோர் கணித்துள்ளனர். மனிதரால் நேரும் சாவு, பெண் விலங்குகளில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டைத் தாண்டினால் கூட்டம் தேயத் தொடங்கும் என்றும் அவர்கள் கூறுகின்றனர். நம்மிடம் இருப்பவை 200 என்றால் பெண்கள் ஏறத்தாழ 100. அவ்வாறாயின், ஓராண்டில் மூன்று பெண் கடற்பசுக்கள் வலையில் சிக்கி இறந்தாலே நம் கணக்கு நட்டக் கணக்கு. மூன்றே மூன்று! திட்டம் தீட்டுவோர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய எண் இது.

இந்தக் கணக்கை நான் அறியாதிருந்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1987-ஆம் ஆண்டு. பாக் விரிகுடாக் கரையில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் இளம் ஆசிரியன். ஒருநாள் காலை வகுப்பில் பாதிப் பிள்ளைகளைக் காணவில்லை. கடற்கரையில் ஆவுளியா கிடப்பதாகச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போனேன். மணலில் அது உயிரற்றுக் கிடந்தது. இரவில் போட்ட வலையில் சிக்கி, மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் மாண்டிருந்தது. இறைச்சியைப் பங்கு போடக் கத்தியும் கூடையுமாக ஆட்கள் சூழ்ந்து நின்றனர். வலைக்குச் சொந்தக்காரர் என் மாணவன் ஒருவனின் தந்தை.

நான் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்திருந்தேன். அதன் முதல் அட்டவணையில் கடற்பசு இருப்பதும், அதைக் கொன்றால் சிறைத்தண்டனை உண்டென்பதும் எனக்குத் தெரியும். ஊரார் முன்னிலையில், மகன் பக்கத்தில் நிற்கையிலேயே, அந்த மனிதரிடம் அதை உரத்துச் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. “ஐயா, நான் மீனுக்குத்தான் வலை போட்டேன், இது தானாக வந்து விழுந்தது. உயிரோடு இருந்திருந்தாலும் வலையை அறுத்தால்தான் இதை வெளியே விட முடியும். வலை கடனுக்கு வாங்கியது. அறுத்துவிட்டால் நாளைக்கு எங்கள் வீட்டு அடுப்புக்கு யார் பொறுப்பு? உங்கள் சட்டத்தில் அதற்கு ஏதாவது எழுதியிருக்கிறதா?” என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. மறுநாள் அவர் மகன் பள்ளிக்கு வரவில்லை. ஆசிரியர் போலீசுக்கு எழுதிவிடுவார் என்ற அச்சமாம். சில நாள் கழித்து அவன் தந்தையோடு கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டதாக அறிந்தேன். நான் தேடிச் சென்று அழைத்தும் அவன் திரும்பவில்லை. ஆவுளியாவும் பிழைக்கவில்லை, படித்துக்கொண்டிருந்த பிள்ளையும் படிப்பை விட்டான். சட்டத்தைச் சொன்னேனே அன்றி அந்தக் குடும்பத்துக்கு வழி சொல்லவில்லை. அந்தக் குறை என்னுடையது.

அந்த மீனவர் கேட்ட வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு, பிற நாட்டாரின் பட்டறிவைச் சற்றுப் பார்ப்போம்.

வடபசிபிக் பெருங்கடலில் பெரிய கடற்பசு இனம் ஒன்று இருந்தது. 8 மீட்டர் நீளம் வளரும். 1741-ஆம் ஆண்டில் பெரிங் என்னும் மாலுமியின் கப்பல் ஒரு தீவில் உடைந்தபோது, அக்கப்பலில் வந்த ஸ்டெல்லர் என்ற இயற்கை அறிஞர் அதனைக் கண்டு எழுதினார். செய்தி பரவியது. மென்மயிர்த் தோலுக்காக அக்கடலுக்குச் சென்ற வேட்டைக்காரர்கள் அதனை உணவுக்காகக் கொன்று குவித்தனர். 1768-ஆம் ஆண்டுக்குப் பின் அந்த இனம் இல்லை. அறிவுலகம் அறிந்த பிறகு அது உயிர் வாழ்ந்தது 27 ஆண்டுகளே. திட்டம் ஏதும் இல்லாவிட்டால் நேர்வது இது.

சீன நாட்டின் கதை வேறு வகை. அங்கே சட்டமும் இருந்தது, காப்பகமும் இருந்தது. 1988-இல் கடற்பசு முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1992-இல் ஹெபு என்னுமிடத்தில் அதற்கெனக் காப்பகமே அமைந்தது. ஆயினும் வலைகள் வலைகளாகவே இருந்தன. கடற்புல் பரப்பும் சுருங்கியது. அண்மையில் ஆய்வாளர் 66 மீனவ ஊர்களில் 788 பேரை வினவினர். முந்தைய ஐந்தாண்டுகளில் கடற்பசுவைக் கண்டதாகச் சொன்னவர் மூவரே. சீனக் கடலில் கடற்பசு ஏறக்குறைய அற்றுப்போயிற்று என்று அந்த ஆய்வு 2022-இல் அறிவித்தது.

அமெரிக்காவின் புளோரிடாவில் கடற்பசுவின் உறவினமான மானட்டி வாழ்கிறது. படகுகள் மோதி அது மிகுதியாக மடிந்து வந்தது. அரசு திட்டமிட்டு, அது வாழும் நீர்ப்பகுதிகளில் படகுகளின் வேகத்துக்கு எல்லை வகுத்தது. 1991-இல் வானூர்தியிலிருந்து எண்ணியபோது கிடைத்த தொகை 1,267. இன்று அவை 8,000-க்குக் குறையாமல் இருக்கும் என்கின்றனர். பெரிய வெற்றிதான். ஆனால் 2021 என்ற ஓர் ஆண்டில் மட்டும் 1,100 மானட்டிகள் மாண்டன. கழிவுநீர் கலந்து நீர் கலங்கியதால், வெயில் கிட்டாமல் ஒரு பெரிய உப்பங்கழியின் கடற்புல் அழிந்தது; விலங்குகள் பட்டினியால் இறந்தன. அடுத்து வந்த குளிர்காலத்தில் லெட்டூஸ் என்னும் கீரையை நீரில் போட்டு அவற்றுக்கு உணவளிக்க நேர்ந்தது. விலங்கைக் காத்தவர்கள் அதன் மேய்ச்சல் நிலத்தைக் காக்கத் தவறினர்.

இனி நம் கடலுக்கு வருவோம். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2008-இல் இந்தியா, கடற்பசுவைக் காக்கும் பன்னாட்டு உடன்பாட்டில் கையெழுத்திட்டது. 2016 முதல் டேராடூனில் உள்ள இந்திய வனவுயிரின நிறுவனம் மீட்புத் திட்டம் ஒன்றை நடத்தலாயிற்று. 2022 செப்டம்பரில் தமிழக அரசு, பாக் விரிகுடாவில் அதிராம்பட்டினம் தொடங்கி அம்மாபட்டினம் வரை, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகம் என்று அறிவித்தது. நாட்டிலேயே இத்தகையது இதுதான் முதலாவது. இதனுள் 12,000 ஹெக்டேருக்கு மேல் கடற்புல் வெளி உள்ளது.

பாதுகாப்பகம் என்ற சொல்லைக் கவனியுங்கள். இது தேசியப் பூங்கா அன்று. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகச் சட்டத்தில் இடம்பெற்ற இவ்வகைக் காப்பகத்தை, அவ்வட்டார மக்களைக் கலந்துகொண்ட பின்னரே அரசு அறிவிக்கலாம். அதன் மேலாண்மைக் குழுவில் அங்குள்ள ஊராட்சிகளின் சார்பாளர் இடம்பெற வேண்டும். மீனவரை அப்புறப்படுத்தாமல் அவரையும் காவலராக்க வேண்டும் என்பதே இதன் கருத்து. என் பழைய மாணவனின் தந்தை கேட்ட வினாவுக்குச் சட்டம் தரத் தொடங்கிய முதல் விடை இது என்று நான் கருதுகிறேன்.

அறிவிப்பு வந்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை, அப்போதுதான் தொடங்குகிறது. செய்ய வேண்டியவை நான்கு.

முதலாவது, எண்ணுதல். கலங்கிய நீரில் கணநேரம் மூக்கை நீட்டி மறையும் விலங்கை எண்ணுவது எளிதன்று. ஆளில்லா வானூர்தியில் படம் எடுக்கின்றனர். கடலடியில் மேய்ச்சல் தடங்களைத் தேடுகின்றனர். எங்கே, எப்போது கண்டீர்கள் என்று மீனவரைக் கேட்டு எழுதுகின்றனர். கடலில் நாள்தோறும் கண் வைத்திருப்பவர் அவர்தாமே!

இரண்டாவது, புல்வெளியைக் காத்தல். இழுவை மடி கடலடியை வாரிச் செல்கையில் புல்லும் வேரோடு வருகிறது. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரக் கடலை நாட்டுப் படகுகளுக்கென ஒதுக்கிற்று. அச்சட்டத்தை மெய்யாக நடத்தினால் கடற்பசுவுக்கும் நன்மை, சிறுபடகு மீனவருக்கும் நன்மை. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்வது அந்தப் புல்லில்தானே? புல் அழிந்த இடங்களில், மூங்கில் சட்டங்களில் கயிற்றால் நாற்றைக் கட்டிக் கடலடியில் நடும் முறையும் பாக் விரிகுடாவில் கையாளப்பட்டுள்ளது.

மூன்றாவது, வலை. உயிரோடு சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை பரிசளித்துப் பாராட்டி வருகிறது. இவ்வாறு விடுவிக்கப்பட்டவை பல. மாலையும் பாராட்டும் நல்லவைதாம்; ஆனால் அறுந்த வலையின் முழு விலையும், அதனால் இழந்த நாள்களின் கூலியும் தாமதமின்றி மீனவர் கைக்கு வர வேண்டும். திட்டத்தில் இதற்கு ஒதுக்கும் பணத்தைச் செலவு என்று நினைப்பது தவறு. ஆண்டுக்கு மூன்று என்ற அந்த எண்ணை நினைத்துப் பாருங்கள். ஓர் ஆவுளியாவின் விலை எத்தனை வலை?

நான்காவது, அண்டை நாடு. பாக் விரிகுடாவின் மறுகரை இலங்கை. மேயும் விலங்குக்கு எல்லைக்கோடு தெரியாது. இங்கே காத்து அங்கே இழந்தாலும், அங்கே காத்து இங்கே இழந்தாலும் பயன் ஒன்றுமில்லை. இரு நாட்டு அறிஞரும் மீனவரும் அமர்ந்து பேசிச் செய்ய வேண்டிய வேலை இது.

இந்நான்கையும் ஒரே ஆண்டில் செய்து முடித்துவிட்டுப் பலன் எங்கே என்று கேட்கவும் கூடாது. இன்று பிறக்கும் பெண் கன்று தாயாவதற்குள் தேர்தல்கள் வந்து போகும். அதிகாரிகள் பலர் மாறுவர். பள்ளிக்கூடத்து வேப்பங்கன்றை நட்டவர் நிழலில் இருப்பதில்லை. அதற்காக நடாமல் இருப்பதும் இல்லை. கடற்பசுத் திட்டத்துக்கு வேண்டியது அந்தப் பொறுமையே.

மாணவர்களே, முடிக்குமுன் ஒரு செய்தி. வனவுயிரின நிறுவனத்தின் மீட்புத் திட்டத்தில், கடற்பசு வாழும் கரைகளிலுள்ள மீனவர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை கொடுக்கும் ஏற்பாடு ஒன்றும் சேர்க்கப்பட்டது. அதைப் படித்த அன்று நான் நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆவுளியாவைக் காக்கும் திட்டத்தில் ஒரு பிள்ளையின் புத்தகத்துக்கும் இடம் இருக்க வேண்டும் என்று எவரோ எண்ணியிருக்கிறார். 1987-இல் எனக்கு அது தோன்றவில்லை.

உங்களுள் சிலர் நாளை வனத்துறையிலோ மீன்வளத் துறையிலோ அலுவலராகலாம். கோப்பில் கையெழுத்திடுமுன் கடற்கரைக்குப் போய், வலை பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரின் பக்கத்தில் சற்று அமருங்கள். அவர் கேட்கும் வினாவுக்கு உங்கள் திட்டத்தில் விடை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கையெழுத்திடுங்கள்.

மணி அடிக்கும் நேரம் ஆயிற்று.