கேட்டுவிட்டு வெட்டுங்கள்

சுகப்பிரசவம் என்கிறோம், அதிலும் பல தாய்மாருக்குக் கத்தரிக்கோல் படுகிறது, தையல் விழுகிறது.

குழந்தையின் தலை வெளிவர முடியாமல் தவித்தால் பிறப்பு வாயிலைச் சற்று வெட்டிவிடலாம் என்று 1742இல் டப்ளின் மருத்துவர் ஃபீல்டிங் ஊல்ட் எழுதினார். 1920இல் சிகாகோ மருத்துவர் ஜோசப் டிலீ, முதல் பிரசவத்தில் இதை வழக்கமாகவே செய்யச் சொன்னார். தானாகக் கிழிவதைவிட வெட்டித் தைப்பது நல்லது என்பது பாடமாகிப்போனது.

பெண்களைத்தான் யாரும் கேட்கவில்லை.

1981இல் இங்கிலாந்தில் பிரசவக் கல்வியாளர் ஷீலா கிட்சிங்கர் கேட்டார். தானாகக் கிழிந்தவர்களைவிட, வெட்டப்பட்டவர்களே கூடுதலாக, நீண்ட நாள் வலியை அனுபவித்ததாகச் சொன்னார்கள். தாம்பத்திய உறவிலும் அந்த வலி தொடர்ந்தது.

1993இல் அர்ஜென்டினாவில் 2,606 பெண்களிடம் நடந்த ஆய்வு அதற்கு வலுச்சேர்த்தது. அவசியமானால் மட்டும் வெட்டியபோது கடுமையான கிழிசல் அதிகரிக்கவில்லை. தையலும் வலியும் குறைந்தன. எல்லோருக்கும் வழக்கமாக வெட்ட வேண்டாம் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது.

குழந்தைக்கு மூச்சுத்திணறல் போன்ற ஆபத்து நேரும்போது இந்த வெட்டு உதவும். அப்போதும் மரத்துப்போக ஊசி போட வேண்டும், தாயின் சம்மதமும் வேண்டும். கர்ப்பிணித் தாய்மார்களே, மாதாந்தரப் பரிசோதனைக்குப் போகும்போதே இதைப் பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.