நம் அடுப்பும் நம் உரிமையும்

(மும்பை தாராவியில் தமிழ்த் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடிவதற்கு முன்பே நம் சந்துகளில் இட்லி வேகிற மணம் வருகிறது. நம்மவர்கள் அவித்த இட்லி பாத்திரம் பாத்திரமாக மும்பையின் மூலை முடுக்கெல்லாம் போகிறது. ஊருக்கே காலைப் பசி ஆற்றுகிறவர்கள் நாம். ஆனால் அதே சந்திலிருந்து பள்ளிக்குப் போகும் நம் பிள்ளையின் வயிற்றில் என்ன இருக்கிறது? டீயும் காரி பிஸ்கட்டும். கையில் என்ன இருக்கிறது? ஐந்து ரூபாய் வறுவல் பாக்கெட். இதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எந்தத் தாயையும் குறை கூற நாம் இங்கே கூடவில்லை. ஒரே அறையில் ஆறு பேர். குழாயில் தண்ணீர் வருவது சில மணி நேரம். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிறவளிடம், "பிள்ளைக்கு ஏன் நூடுல்ஸ் கிண்டிக் கொடுத்தாய்?" என்று கேட்க யாருக்குத் தகுதி இருக்கிறது? அவளுடைய களைப்பைத் தெரிந்துகொண்டுதான் கம்பெனிக்காரன் "இரண்டே நிமிடம்" என்று விளம்பரம் செய்கிறான். அவன் விற்பது உப்பும் சர்க்கரையும் மலிவான எண்ணெயும் மைதாவும். வாங்குவது நாம். பின்னால் மருந்துக் கடைக்குப் பணம் கட்டுவதும் நாம்.

நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு நோயாளிகள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. இது பணக்காரர் வியாதி என்ற காலம் போய்விட்டது. தினக்கூலிக்காரன் காலில் புண் ஆறாமல் வேலைக்குப் போக முடியாவிட்டால் அந்தக் குடும்பம் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும்.

அப்படியானால் பழைய சாப்பாடே சொர்க்கமா? அதுவும் இல்லை, தோழர்களே. நம் பாட்டன் பாட்டி கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் தின்றது விரும்பி மட்டுமல்ல. நெல் விளைந்தது பண்ணையார் வயலில். நட்டவர்களுக்கு நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். கூழ் குடிக்கிறவன் என்று இழித்துப் பேசினார்கள். பிழைக்க வந்த இடத்தில் நாம் மூன்று வேளையும் அரிசி தின்றது ஒரு வெற்றி. அதை யாரும் கேலி செய்ய முடியாது.

ஆனால் வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசியிலே ஏமாற்று இருக்கிறது. 1918இல் நம் நீலகிரி மலையில், குன்னூரில், மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றி ஓர் ஆய்வு தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் போய், பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. தவிடு போகத் தீட்டிய பச்சரிசியையே நம்பி இருந்தவர்களைப் பெரிபெரி தாக்கியது. புழுங்கலரிசி தின்றவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. படிக்காத நம் தாய்மார்கள் செய்து வந்த வேலையின் காரணத்தைப் படித்தவர்கள் பிறகு கண்டுபிடித்தார்கள்.

இன்னொரு கணக்கு. 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 350 மில்லிகிராமுக்கு அருகில் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10க்கும் குறைவு. கம்பில் இரும்புச் சத்து 6 மில்லிகிராமுக்கு மேல்; அரிசியில் 1கூட இல்லை. இவற்றைத் தேட ஊருக்குப் போக வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு மராத்தி அம்மாவைக் கேளுங்கள். அவர் நாச்சணி என்பது நம் கேழ்வரகு, பாஜ்ரி என்பது கம்பு, ஜ்வாரி என்பது சோளம். அவர் தட்டுகிற பாக்ரியும் நம் ரொட்டியும் அக்காள் தங்கைகள்.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரை உள்ளவர்கள் கேழ்வரகை நீர்க் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். களியாகவோ ரொட்டியாகவோ, பருப்பும் கீரையும் சேர்த்து, அளவோடு சாப்பிடுங்கள். மருந்தை நிறுத்தாதீர்கள்.

சரி, யார் சமைப்பது? இதுதான் பெரிய கேள்வி. பெண்ணை அடுப்பங்கரையிலிருந்து விடுவிக்கச் சொன்ன பெரியாரின் வழியில் வந்தவர்கள் நாம் என்று மேடையில் பேசுகிறோம். "வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்புவோம்" என்று சொல்லி அவளை மறுபடியும் அங்கேயே தள்ளலாமா? ஆண்களே, நேராகச் சொல்கிறோம். பருப்பை ஊற வைக்கவும், கீரை ஆயவும், தானியத்தை மாவு மில்லுக்குத் தூக்கிப் போகவும் ஆண் கை போதும். செய்ய மாட்டோம் என்றால் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசாதீர்கள்.

இந்த நகரமே நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. பஞ்சாலைத் தொழிலாளர்களுக்குக் கடனுக்குச் சோறு போட்ட பெண்கள் கந்துவட்டியில் சிக்கிக் கிடந்தார்கள். 1975இல் பிரேமா பூரவ் அவர்களை ஒன்று திரட்டி அன்னபூர்ணா மகளிர் மண்டலை அமைத்து, வங்கிக் கடன் கிடைக்க வழி செய்தார். சமையல் என்பது உழைப்பு, அதற்குக் கூலியும் மதிப்பும் உண்டு என்று நிலைநாட்டியவர்கள் அந்தப் பெண்கள். நம் சந்தில் பத்துக் குடும்பம் சேர்ந்து, முறை வைத்து, பிள்ளைகளின் காலைக் கஞ்சியை ஒரே அடுப்பில் காய்ச்ச முடியாதா?

அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம். 2023 சனவரி முதல் விலையில்லாமல். ஊர் அட்டையில் இந்தப் பிரிவில் பெயர் இருந்து, ஆதாரும் இணைந்திருந்தால், இங்கேயே உங்கள் பங்கை வாங்கலாம். தெரியாதவர்கள் நம் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதிக் கொடுக்கிறோம். அந்தச் சட்டத்தில் அரிசி, கோதுமையோடு சிறுதானியமும் இருக்கிறது. கம்பும் கேழ்வரகும் ரேஷன் கடைக்கு வரட்டும் என்று கையெழுத்து வாங்குவோம்.

நாளைக் காலை ஒரு பாக்கெட்டை நிறுத்துங்கள். அந்த ஐந்து ரூபாயை ஒரு டப்பாவில் போடுங்கள். மாதக் கடைசியில் அதை எடுத்துக்கொண்டு கேழ்வரகு வாங்கப் போகட்டும், வீட்டு ஆண்பிள்ளை.