இரவல் வாங்கிய இறந்தகாலம்



ஆங்கிலம் கற்கப் புகும் சிறுவன் முதற்கண் இடறும் இடங்களுள் ஒன்று, ‘போ’ எனப் பொருள்படும் ‘கோ’ என்னும் வினை. அதன் இறந்தகாலம் ‘வென்ட்’. ஆங்கில எழுத்தில் இவ்விரண்டிற்கும் பொதுவாக ஓரெழுத்தேனும் இல்லை. மனப்பாடம் செய்க என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

உண்மையில் ‘வென்ட்’ வேறொரு குடும்பத்துப் பிள்ளை. பழைய ஆங்கிலத்தில் ‘வெண்டன்’ என்றொரு வினை இருந்தது. திரும்புதல், திருப்புதல் என்பன அதன் பொருள். திரும்புதலே நாளடைவில் வழிச்செல்லுதலையும் குறித்தது. அனுப்புதலைக் குறிக்கும் ‘செண்ட்’ இறந்தகாலத்தில் ‘சென்ட்’ ஆவதுபோல, ‘வெண்ட்’ என்பது ‘வென்ட்’ ஆயிற்று.

‘கோ’வுக்கு அந்நாளில் ‘ஏயொடெ’ என்பதே இறந்தகாலம். வியப்பு என்னவெனில், அதுவும் வேறு வேரிற் பிறந்த சொல்லே! 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் எழுத்தில், அதன் வழிவந்த ‘யேடெ’யும் ‘வென்ட்’டும் அருகருகே வாழ்ந்தன. 15ஆம் நூற்றாண்டளவில் ‘வென்ட்’ நிலைபெற்றது. தன் பொருளைப் பறிகொடுத்த ‘வெண்ட்’, ‘வெண்டெட்’ எனப் புதிய இறந்தகாலம் ஒன்றை அமைத்துக்கொண்டது.

ஸ்காட்லாந்து மக்களோ இரவலை நாடாமல், அவ்வேரிலிருந்தே ‘கேட்’ என்னும் வடிவத்தை ஆக்கிக்கொண்டனர்.

இவ்வினை காலத்தையும் சுமக்கிறது. ‘கோயிங்’ என்னும் வடிவம் பிறிதொரு வினையோடு சேர்ந்து எதிர்காலம் காட்டும். தமிழிலும் ‘மழை பெய்யப் போகிறது’ என்கையில் மழை எங்கும் நடப்பதில்லை. மொழிக்குடும்பம் வேறு, வழியைக் காலமாகக் காணும் மனம் ஒன்று. ‘முன்பு’ எனப் பொருள்படும் ‘அகோ’ என்னும் ஆங்கிலச் சொல்லும் ‘கோ’வின் வழியிற் பிறந்ததே. போனது என்பதே அதன் பழம்பொருள்.

இத்தகைய முறைபிறழ்வு அன்றாடச் சொற்களிலேயே மிகுதி. நாள்தோறும் செவியில் விழுவதால் பழைய வடிவம் மறவாது நிற்கிறது. அருகி வழங்கும் வினைகள் விரைவில் பொதுவிதிக்குள் அடங்கிவிடுகின்றன.

இன்றும் ஆங்கிலக் குழந்தை, ‘கோ’வுடன் இறந்தகால விகுதியைத் தானே கூட்டி ‘கோட்’ என்று மழலை பேசும். பெரியோர் பிழையென்று திருத்துவர். ஆயினும் ஸ்காட்லாந்து மக்கள் செய்ததையன்றி அக்குழந்தை வேறென்ன செய்தது? ஓரிடத்தில் பிழையெனத் தள்ளுண்ட முறை, மற்றோரிடத்தில் ஒரு மக்களின் வழக்காக நின்றது. வட்டாரச் சொல்லையும் மழலைச் சொல்லையும் கவிதையின் வாயிலில் தடுத்து நிறுத்தும் முன், அது வந்த வழியைக் கேட்டறிதல் கவிஞர்க்குக் கடன்.