ஜிம்னி மலை ஏறுமா? ராயகிரிப் பயணத்துக்கு முன் சில விவரங்கள்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



பொங்கல் விடுமுறைக்கு நம் குடியிருப்பிலிருந்து சில குடும்பங்கள் எங்கள் ஊருக்கு வருகிறீர்கள். சங்கரன்கோவில் பக்கம் ராயகிரி. ஊருக்கு மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிற்கும். அந்த மலையைப் படத்தில் பார்த்ததிலிருந்து கீழே பார்க்கிங்கில் ஒரே பேச்சு: "அண்ணாச்சி, நம்ம வண்டி அதுல ஏறுமா?" புதிதாக ஜிம்னி வாங்கியவர் கேட்டார், தார் வைத்திருப்பவர் கேட்டார், சாதாரண எஸ்யூவி வைத்திருப்பவரும் கேட்டார். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று செயலாளரிடம் நேரம் கேட்டேன்.

முதலில் மூன்றாமவருக்கு. உயரமாக, எஸ்யூவி என்ற பெயரோடு விற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் மட்டுமே இழுபடுபவை. மேட்டில் ஏறும்போது எடை பின்பக்கம் சாயும், முன்சக்கரத்தின் பிடி குறையும். இழுக்க வேண்டிய சக்கரமே லேசாகிவிடுகிறது. அதனால்தான் மழைநாளில் சரளை மேட்டில் அந்த வண்டிகள் முன்சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்கின்றன. நீங்கள் தாராளமாக வாருங்கள், ஆனால் தார்ச்சாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது ஜிம்னி. இந்த வண்டியின் வம்சம் பெரியது. 1970-ல் ஜப்பானில் சுசுகி வெளியிட்ட முதல் ஜிம்னிக்கு 359 சிசி எஞ்சின், 25 குதிரைத்திறன். இன்று நம் பையன்கள் ஓட்டும் சில பைக்குகளின் திறன்கூட அதற்கு இல்லை. ஆனாலும் மலை ஏறியது. அந்த வழியில் வந்ததுதான் 1985-ல் இந்தியாவுக்கு வந்த மாருதி ஜிப்ஸி. ராணுவத்திலும் போலீசிலும் அதைப் பார்க்காதவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். வடக்கே இமயமலையில் நடந்த ரெய்டு டி ஹிமாலயா பந்தயங்களில் அது ஓடிய ஓட்டம் கார்ப் பிரியர்களுக்குத் தெரியும். 2007-ல் சிலி நாட்டில், ஓஹோஸ் டெல் சலாடோ என்ற எரிமலையில், மாற்றியமைத்த ஒரு சுசுகி சாமுராய் 6,688 மீட்டர் உயரம் வரை ஏறி அன்றைக்கு உலக சாதனை செய்தது. சாமுராய் நம் ஜிப்ஸியின் நெருங்கிய உறவு. இன்றைய ஐந்து கதவு ஜிம்னி 2023 ஜூனில் விற்பனைக்கு வந்தது.

சின்ன எஞ்சின், சின்ன உடம்பு. பிறகு எப்படி ஏறுகிறது? பலம் எஞ்சினில் இல்லை, கியரில் இருக்கிறது. ஜிம்னியில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பி இருக்கிறதே, அதை 4எல் நிலையில் போட்டால் சக்கரத்துக்குப் போகும் இழுவிசை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ என்று வையுங்கள். 30 டிகிரி மேட்டில் அதில் பாதி, 750 கிலோ, வண்டியைக் கீழே இழுக்கும். முதல் கியரில், 4எல்-இல், அந்த எடையை இழுக்கும் சக்தி அந்த 1.5 லிட்டர் எஞ்சினுக்குத் தாராளமாக உண்டு. நம் அடித்தளப் பார்க்கிங் சரிவு எவ்வளவு தெரியுமா? எட்டு அடி நீளத்துக்கு ஓரடி ஏற்றம் என்றே வைத்துக்கொண்டாலும் வெறும் 7 டிகிரிதான். 30 டிகிரி என்பது கண்ணாடி வழியாக வானம் மட்டுமே தெரியும் மேடு.

ஆக எஞ்சின் தோற்காது. தோற்பது டயருக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள பிடி. காய்ந்த கெட்டி மண்ணில் ஏறக்குறைய 30 டிகிரி தாங்கும் டயர், ஈரக் களியில் அதில் பாதி தாங்கினால் பெரிய காரியம். எங்கள் பக்கம் கிழக்கே போகப் போகக் கரிசல். மழை பெய்த கரிசலில் டயரின் பள்ளமெல்லாம் களி அடைத்து, சக்கரம் வழவழவென்று உருளையாகிவிடும். அதற்கப்புறம் நாலு சக்கர இழுவையும் ஒன்றுதான், நாற்பது சக்கர இழுவையும் ஒன்றுதான். மலையடிவாரத்துச் செம்மண்ணும் சரளையும் பரவாயில்லை, ஆனால் சரளை உருளும்.

பிடி போவதற்கு இன்னொரு வழி, சக்கரம் அந்தரத்தில் தொங்குவது. குண்டும் குழியுமான பாதையில் முன்பக்கம் ஒரு சக்கரமும் பின்பக்கம் எதிர்மூலைச் சக்கரமும் ஒரே நேரத்தில் தூக்கிக்கொண்டால், சாதாரண டிஃபரன்ஷியல் இருக்கும் சக்தியை எல்லாம் அந்தத் தொங்கும் சக்கரங்களுக்கே அனுப்பிவிடும். ஜிம்னி இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. வெறுமனே சுழலும் சக்கரத்தைத் தானாகவே பிரேக் பிடித்து, தரையில் இருக்கும் சக்கரத்துக்கு விசையைத் திருப்பும். ஒரு நொடி தாமதிக்கும். அந்த நேரத்தில் பதறி காலை எடுக்காமல் ஆக்சிலரேட்டரை ஒரே சீராக வைத்திருந்தால் வண்டி தானே கிளம்பிவிடும். தாரின் டீசல் மாடல்களில் சிலவற்றில் பின் டிஃபரன்ஷியல் இயந்திர முறையிலேயே பூட்டிக்கொள்ளும். ஆனால் தார் ஜிம்னியைவிட ஐந்நூறு கிலோவுக்கு மேல் கனம், அகலமும் 1,820 மி.மீ. ஜிம்னி 1,645 மி.மீ.தான். தோட்டத்து வண்டிப் பாதையில் அந்த ஒரு சாண் வித்தியாசம் பெரிது. என்னைக் கேட்டால் எங்கள் பக்கத்துப் பாதைகளுக்கு ஜிம்னிதான் பொருத்தம். தார்க்காரர் கோபிக்கக் கூடாது.

அடி தட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வாசல் வேகத்தடையில் சில கார்கள் வயிற்றை உரசுவதை தினமும் கேட்கிறோம். ஜிம்னிக்குத் தரை இடைவெளி 210 மி.மீ. முன் பம்பர் முட்டாமல் 36 டிகிரி மேட்டைத் தொடும், பின்பக்கம் 50 டிகிரி. நடு வயிற்றுக்கு 24 டிகிரிதான். ஐந்து கதவுக்காக நீளத்தைக் கூட்டியதன் விலை அது. எனவே வரப்பு மாதிரி கூரான மேட்டை நேராகக் கடக்கும்போது மாட்டுவது நடுவயிறு. யாராவது ஒருவர் இறங்கி நின்று கை காட்டுங்கள்.

இனி இறக்கம். யாரும் இதைப் பற்றிக் கேட்கவே இல்லை, எனக்குக் கவலை இதில்தான். மேடேறும்போது பாதியில் எஞ்சின் நின்றுவிட்டால் பலர் செய்வது, கிளட்சை மிதித்துக்கொண்டு ஸ்டியரிங்கை ஒடித்துத் திரும்பப் பார்ப்பது. ஜிம்னி ஒடிசலான, உயரமான வண்டி. சரிவுக்குக் குறுக்கே நின்றால் பக்கவாட்டில் புரளும். பிரேக்கை இறுக்கிப் பிடியுங்கள், ரிவர்ஸ் கியர் போடுங்கள், 4எல்-இலேயே, எஞ்சின் பிடியில், ஏறிய தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்குங்கள். எந்த இறக்கத்திலும் நியூட்ரல் கூடாது. பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். ஹில் டிசென்ட் பொத்தான் இருக்கிறது, பயன்படுத்துங்கள். கேரியரில் மூட்டை கட்டாதீர்கள். மேலே ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் புரளுவதற்கு உதவும். குழந்தைகள் பின்சீட்டில் பெல்ட்டோடு. செங்குத்தான இடம் என்றால் அவர்களை முன்பே இறக்கி நடக்க விடுங்கள்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கொழுக்குமலை போய் வாருங்கள். தேனி மாவட்டத்து மலைதான், ஆனால் ஜீப் பாதை கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து. பழைய மஹிந்திரா ஜீப்புகள், அங்குள்ள ஓட்டுநர்கள். பெரிய வேகம் எதுவும் கிடையாது. பாறைப் பாதையில் லோ கியரில் நடையளவு வேகத்தில் ஏறி, அதே கியரில் இறங்குவார்கள். அவர் கால் பிரேக்கில் எத்தனை முறை போகிறது என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது, எங்கே ஏறுவது. சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடிக்கு மேற்கே இருக்கும் மலைக்காடு நெல்லை வனவிலங்கு சரணாலயம். அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வண்டியோடு என்றால் வண்டியும் போகும். யானை நடமாடும் காடு அது. நீங்கள் போன பிறகு அங்கே இருக்கப்போவது எங்கள் ஊர்க்காரர்கள். அதனால் மலை பார்க்க மட்டும். ஓட்டுவதற்கு என் உறவினர் ஒருவரின் எலுமிச்சைத் தோட்டத்தை ஒட்டி அவருடைய பட்டா நிலத்திலேயே ஒரு சரளை மேடு இருக்கிறது. கேட்டுவிட்டேன், சரி என்றார். ஒரே நிபந்தனை, மரத்தடிப் பாத்தியில் சக்கரம் படக் கூடாது.

கொண்டுவர வேண்டியவை: காற்றழுத்தமானி, காற்றடிக்கும் சிறு பம்ப், இழுக்கும் பட்டை, மண்வெட்டி. சரளையில் டயர் காற்றை 20 அளவுக்குக் குறைத்தால் டயர் அகன்று பிடி கூடும், தார்ச்சாலைக்குத் திரும்பும் முன் கட்டாயம் பழைய அளவுக்கு அடித்துவிட வேண்டும்.

நாலு சக்கர இழுவையைப் போட்டுப் பழக விரும்புபவர்கள் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வண்டியை நம் வளாகத்துக்குப் பின்னால் இருக்கும் மண் மைதானத்துக்குக் கொண்டு வாருங்கள். தயவுசெய்து அடித்தளப் பார்க்கிங்கில் போட்டுப் பார்க்காதீர்கள். காய்ந்த சிமெண்ட் தரையில் அதைப் போட்டுத் திருப்பினால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும், கிடுகிடுவென்று சத்தமும் வரும். முதல் தளத்தில் குடியிருப்பவர்கள் ஏற்கெனவே ஒருமுறை புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.