கடல்மல்லையைக் கண்டோர் குறிப்புகள்



கடலில் கண்டதைக் கண்டவாறு எழுதிவைத்தல் எளிய பணியன்று. 1912ஆம் ஆண்டில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. அதன் விளைவாக, வட அட்லாண்டிக் கடலில் தென்படும் பனிப்பாறைகளைப் பற்றிய செய்திகளைத் திரட்டிக் கப்பல்களை எச்சரிக்கும் பன்னாட்டுக் காவற்பணி 1914ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் நிலைபெற்றது. யார் கண்டார், எங்குக் கண்டார், என்று கண்டார் என்னும் மூன்றும் இருந்தால்தான் அத்தகைய குறிப்பு மாலுமிக்குப் பயன்படும். தமிழகக் கடலில் பனிப்பாறை இல்லை. ஆயினும் கடற்காட்சிகளைத் திரட்டும் பணி இங்கும் நடந்துள்ளது. அதன் களம் திருமங்கையாழ்வார் பாடிய கடல்மல்லையாகிய மாமல்லபுரம்.

வெனிசு நகரத்து வணிகர் காஸ்பரோ பால்பி 1582ஆம் ஆண்டில் இக்கரையோரமாகக் கப்பலிற் சென்றார். 1590இல் அச்சான அவரது பயண நூல் இவ்விடத்தைச் 'சீனரின் ஏழு கோயில்கள்' எனக் குறிக்கிறது. பின்வந்த ஐரோப்பிய மாலுமிகளும் 'ஏழு கோயில்' என்றே வழங்கினர். அலைவாய்க் கரையில் இன்று நிற்பதோ இராசசிம்ம பல்லவன் எடுத்த கடற்கரைக் கோயில் ஒன்றே. எஞ்சியவை எங்கே என்னும் வினா அன்று முதல் தொடர்கிறது.

வில்லியம் சேம்பர்சு என்னும் ஆங்கிலேயர் 1772இலும் 1776இலும் இங்கு வந்தார். அவரது கட்டுரை 1788இல் வெளியாயிற்று. செம்புத் தகடு வேய்ந்து பொன் பூசிய கோயில் முடிகள் கடலுக்குள்ளிருந்து காலைக் கதிரில் மின்னியதை முதியோர் கண்டிருந்தனர் என்று உள்ளூர் அந்தணர் கூறியதாக அதில் எழுதினார். தாம் கண்டதாக அவர் சொல்லவில்லை. பார்த்தவற்றை அவ்வப்போது குறித்துக்கொள்ளவில்லை என்பதையும் மறைக்கவில்லை. கண்டதையும் கேட்டதையும் பிரித்துக் காட்டிய அந்நேர்மையே அக்கட்டுரைக்குப் பெருமை.

ஆனால் செய்தி கைமாறியபோது அவ்வேறுபாடு மறைந்தது. இராபர்ட் சதே என்னும் ஆங்கிலக் கவிஞர் 1810இல் வெளியிட்ட காப்பியத்தில் கடல்கொண்ட நகரமாக அது உருப்பெற்றது. கவிஞருக்கு அவ்வுரிமை உண்டு, வரலாற்றுக்கு இல்லை.

1869இல் கேப்டன் கார் என்பவர், சேம்பர்சு, கோல்டிங்காம், பாபிங்டன் முதலியோர் கட்டுரைகளைத் தொகுத்துச் சென்னையில் ஒரே நூலாக வெளியிட்டார். எவர் எதனை நேரிற் கண்டார், எவர் முன்னவர் கூற்றை வழிமொழிந்தார் என ஒப்பிட்டறிய அத்தொகுப்பே வழிசெய்தது. தொகுப்பாளரின் தொண்டு அத்தகையது.

2002ஆம் ஆண்டில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் இங்கிலாந்தின் ஆய்வுக்குழு ஒன்றும் இக்கடலில் மூழ்கி ஆராய்ந்தன. கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், சுவரெச்சங்களும் படிகளும் செதுக்கிய கற்களும் காணப்பட்டன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலைக்கு முன் கடல் உள்வாங்கியபோது பாறை வரிசைகள் தெரிந்ததாகக் கரையிலிருந்தோர் கூறினர். இவை ஏழு கோயில்கள் இருந்தமையை மெய்ப்பிக்கவில்லை. எனினும், கேட்டதாக எழுதிவைத்த செய்தியும் ஆய்வுக்கு வித்தாகும் என்பதை மெய்ப்பித்தன.

ஒரு குறை எஞ்சி நிற்கிறது. கடலடிப் பாறையைப் 'பார்' என வழங்கும் மீனவர், கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் வைத்து அதன் இடத்தை அறிவர். வலை எங்கே சிக்கும் என்பது அவர்க்குத் தலைமுறை அறிவு. ஆயினும் மேற்சொன்ன தொகுப்பில் பயணியர்க்குப் பெயருண்டு; செய்தி சொன்ன முதியோர்க்குப் பெயரில்லை. இன்றைய முதியோரும் மறைந்தால் அவர்கள் கண்டது அவர்களோடு போகும்.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்திற்கு இதனினும் ஏற்ற பணி வேறில்லை. குப்பங்கள்தோறும் சென்று, சொன்னவர் பெயர், கண்ட இடம், கண்ட நாள் ஆகியவற்றோடு அவர்தம் சொல்லிலேயே எழுதிவைத்தல் வேண்டும். கண்டதைக் கண்டதென்றும், கேட்டதைக் கேட்டதென்றும் எழுதினால் போதும். எது மெய் என்பதை வருங்காலம் ஆய்ந்துகொள்ளும்.