கோடியக்கரை: தள்ளி நின்று பார்க்க ஒரு நாள்

"கோடியக்கரைக்குப் போனா அங்க என்னதான் பண்றது?" இந்தக் கேள்வி அடிக்கடி வருது. போயிட்டு வந்த சிலர் கொஞ்சம் சலிப்பாவே சொல்றாங்க: "நாலு மான், ரெண்டு குதிரை, ஒரு கலங்கரை விளக்கம். ஒரு மணி நேரத்துல முடிஞ்சு போச்சு." வண்டியை விட்டு இறங்காம சுத்தினா ஒரு மணி நேரமே அதிகம்தான். இன்னைக்கு நான் சொல்லப்போறது, அதே இடத்துல ஒரு முழு நாள் எப்படி இருக்கலாம்னு.

முதல்ல இடத்தைப் பிடிச்சுக்குவோம். தமிழ்நாட்டு வரைபடத்துல கிழக்குக் கரை நேரா தெற்கே இறங்கி வந்து, சட்டுனு மேற்கே மடங்குற ஒரு முனை இருக்கும். அதுதான் கோடியக்கரை. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, இன்னொரு பக்கம் பாக் நீரிணை. நாகப்பட்டினம் மாவட்டம், வேதாரண்யத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். 1967-ல் இது வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-ல் பக்கத்துச் சதுப்பு நிலத்தையும் சேர்த்து ராம்சார் ஈரநிலமாக அங்கீகரிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அந்த அங்கீகாரம் பெற்ற முதல் இடம் இதுதான்.

எப்போ போகலாம்? வடகிழக்குப் பருவமழை முடிஞ்ச பிறகு, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைக்கும். முந்தின நாள் ராத்திரியே வேதாரண்யம் வந்து தங்கிடுங்க. கோடியக்கரையிலேயே தங்கணும்னா வனத்துறையோட 'பூநாரை இல்லம்' இருக்கு, முன்கூட்டியே கேட்டு வைக்கணும். நுழைவு நேரம், கட்டணம், எந்தப் பாதை திறந்திருக்கு, இதெல்லாம் மழையைப் பொறுத்து மாறும். வனத்துறை அலுவலகத்துல ஒரு தடவை கேட்டுட்டுக் கிளம்புங்க.

காலையில முதல் வேலை, புல்வெளி. இங்கே பார்க்க வேண்டியது வெளிமான். ஆண் மானுக்கு முறுக்கின கொம்பு, கருத்த முதுகு, வெள்ளை வயிறு. பெண் மான் பழுப்பு, பெரும்பாலும் கொம்பு இருக்காது. இந்தச் சரணாலயம் உருவானதே முக்கியமா இந்த மானுக்காகத்தான். பேரைக் கவனிங்க: வெளி மான். அதுக்கு என்ன வேணும்ங்கறது பேர்லயே இருக்கு. அடர்ந்த காட்டுல ஒளிஞ்சு பிழைக்கிற விலங்கு இல்ல இது. தூரத்துலயே ஆபத்தைக் கண்ணால பார்த்து, காலால தப்பிக்கிற விலங்கு. நடுவுல எதுவும் மறைக்காத புல்வெளிதான் அதோட பாதுகாப்பு.

அந்த வெளிதான் இப்போ சுருங்கிட்டு வருது. சீமைக் கருவேலம் புல்வெளிக்குள்ள புகுந்து பரவுது. எப்பவோ மனுஷங்க விட்டுட்டுப் போய் காட்டுத்தனமா பெருகின மட்டக் குதிரைகள் அதே புல்லையும் அதே நல்ல தண்ணியையும் பங்கு போடுது. குதிரை கூட்டமா ஓடுறது போட்டோவுக்கு அழகுதான், இல்லன்னு சொல்லல. ஆனா அது மேயற ஒவ்வொரு வாயும் மானுக்குப் போக வேண்டியது.

இதுல மூணாவதா வர்றது நாம. ஒரு ஜனவரி காலையில, மேய்ஞ்சுட்டிருந்த ஒரு கூட்டத்தை நான் அரை மணி நேரமாப் பார்த்துட்டிருந்தேன். ஒரு கார் வந்து நின்னுது. ஒரு பையன் கதவைப் படார்னு சாத்திட்டு, கைப்பேசியோட நேரா அதுங்களைப் பார்த்து நடந்தான். பத்தே விநாடி. மொத்தக் கூட்டமும் கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருச்சு. அவனுக்கும் படம் கிடைக்கல. கூட இருந்த வனக்காவலர் கோபப்படவே இல்ல. என்கிட்ட மெதுவா சொன்னார்: "தம்பி, மேயற மான் தலையைத் தூக்கிட்டா அதுதான் கோடு. அதுக்கு மேல ஒரு அடி வைக்கக் கூடாது." இந்த ஒரு விதியை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா அன்னைக்கு முழுக்கப் போதும்.

வெயில் ஏறினதும் காட்டுக்குள்ள போங்க. இது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. குட்டையான, நெருக்கமான மரங்கள். அதில் முக்கியமானது பாலை மரம். 2018 நவம்பர்ல கஜா புயல் இந்தப் பக்கம்தான் கரையைக் கடந்தது, ஏராளமான மரங்கள் சாஞ்சது. கடற்காத்துக்கு எது தாங்கும், எது தாங்காதுன்னு கவனிச்சுக்கிட்டே நடங்க. 'ராமர் பாதம்' வரைக்கும் போயிட்டு வாங்க. ஒரு சின்ன மேட்டு மேல மண்டபம், உள்ளே கல்லில் பாதச் சுவடு. இந்த முனையிலேயே உயரமான இடம் அதுதான். எவ்வளவு உயரம்? கடல் மட்டத்துக்கு மேல சுமார் 4 மீட்டர். மத்த நிலமெல்லாம் எவ்வளவு தாழ்வா இருக்குன்னு அங்க நின்னா புரியும்.

மதியம் அகஸ்தியம்பள்ளி உப்பளம். 1930 ஏப்ரல்ல ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து கால்நடையா வந்தவங்க உப்புச் சட்டத்தை மீறினது இங்கேதான். அதுக்கு நினைவுத்தூண் இருக்கு. தூணோட நிறுத்திக்காம பாத்திகளையும் பாருங்க. தாழ்ந்த நிலத்துல உப்புத் தண்ணியைப் பாய்ச்சி, வெயில்ல சுண்ட விட்டு எடுக்குற உப்பு. வேலை செய்யறவங்க கால் நாள் முழுக்க அந்தத் தண்ணியிலதான். கேட்காம அவங்களைப் படம் எடுக்காதீங்க. மானுக்குச் சொன்ன கோடு மனுஷங்களுக்கும் உண்டு.

சாயங்காலம் மூணரை, நாலு மணிக்குச் சதுப்பு நிலம். தொலைநோக்கி இருந்தா எடுத்துட்டு வாங்க, இல்லன்னா யார்கிட்டயாவது கடன் வாங்குங்க. இங்கே தண்ணியோட ஆழம்தான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது. பூநாரைக்குக் கால் நீளம், அதனால கொஞ்சம் ஆழத்துல நிக்கும். தலையைக் கவிழ்த்து, அலகை வடிகட்டி மாதிரி வெச்சுத் தண்ணியை அரிச்சுச் சாப்பிடும். அந்த இளஞ்சிவப்பு நிறமே சாப்பாட்டுலேருந்து வர்றதுதான். அதைவிடக் கரைக்குக் கிட்டக்க நடுத்தர உயரக்காரங்க. ஈரச் சேத்துல கொசு உள்ளான் மாதிரி பொடிப் பறவைகள்.

எல்லாரும் பூநாரையைத்தான் தேடுவாங்க. நான் உங்களைப் பார்க்கச் சொல்றது அந்தக் கொசு உள்ளானை. எடை முப்பது கிராமுக்கு உள்ளேதான், ஒரு எலுமிச்சம்பழம்கூட அதைவிடக் கனம். முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது ஆர்க்டிக் பகுதியின் தூந்திரத்துல. குளிர்காலத்துக்கு இங்க வந்து, திரும்பப் போறதுக்கு முன்னாடி கொழுப்பைச் சேர்த்து வெச்சுக்கும். அந்தக் கொழுப்புதான் பயணத்துக்கு எரிபொருள். நாம கிட்டப் போய் ஒரு தடவை பறக்க விட்டா, சாப்பிடுற நேரமும் போச்சு, சேர்த்ததுல கொஞ்சமும் போச்சு. ஒருத்தர் பண்ணா பெருசா தெரியாது. ஒரு ஞாயித்துக்கிழமைக்கு எத்தனை வண்டி வரும்னு யோசிங்க. அனுமதி இல்லாம ட்ரோன் விடக்கூடாதுங்கறதுக்குக் காரணமும் இதுதான்.

'பொன்னியின் செல்வன்' படிச்சவங்களுக்கு இந்தச் சேறு ஞாபகம் இருக்கும். பூங்குழலியைத் துரத்திட்டு ஓடின வந்தியத்தேவன் கோடிக்கரையில புதைசேத்துல மாட்டிக்குவான். பூங்குழலிதான் காப்பாத்துவா. சதுப்புக்குள்ள இறங்காதீங்க, உங்களுக்காகவும் சொல்றேன்!

இருட்டுறதுக்கு முன்னாடி கடற்கரை. இங்க இருந்த சோழர் காலக் கலங்கரை விளக்கத்தோட மிச்சம் 2004 சுனாமியில போயிருச்சு. அக்டோபரிலிருந்து மார்ச் வரைக்கும் மீன்பிடி சீசன், வேற ஊர் மீனவர்களும் வந்து தங்கித் தொழில் பண்ணுவாங்க. பறவைகள் வர்ற அதே மாசங்கள்ல மனுஷங்களும் வந்து போற கரை இது. மீன் ஏலம் நடந்தா ஓரமா நின்னு கேளுங்க.

கடைசியா, கையில எடுத்துட்டுப் போறதுக்கு ஒரு வேலை. ஒவ்வொரு வருஷமும் பொங்கலை ஒட்டி நாலு நாள் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்குது. ஒரு இடத்துல குறைஞ்சது பதினஞ்சு நிமிஷம் நின்னு, கண்ட பறவைகளை எண்ணி, இ-பேர்ட் தளத்துல பதிவு பண்ணணும். நிபுணரா இருக்க வேண்டியதில்ல, அடையாளம் தெரிஞ்சதை மட்டும் எழுதினா போதும். ஒரே இடத்துல வருஷா வருஷம் எண்ணினாத்தான் எது குறையுது, எது கூடுதுன்னு தெரியும். பதினஞ்சு நிமிஷம் அசையாம நிக்கிறவருக்குப் பறவை தானே கிட்ட வர்றதும் உண்டு.

தண்ணி பாட்டிலை நிரப்பிட்டுப் போங்க, காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டு வாங்க. குரங்குக்கு எதையும் கொடுக்காதீங்க. நீங்க எண்ணின பட்டியலை எங்களுக்கும் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல வாசிக்கிறோம்.